நூற்று நாற்பத்தாறு கிராம்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. வயது இருபத்தேழு. சிஷ்யைக்கு முப்பத்தெட்டு. குரு சிஷ்யையை "அக்கா" என்பாள், சிஷ்யை குருவை "டீச்சர்" என்பாள். முறை தப்பாகத் தெரிந்தால் அவர்களிடம் போய்க் கேளுங்கள், என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

குருவின் பெயர் முப்பிடாதி. வள்ளியூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு சோப்பு செய்கிறாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒரே கேள்விதான். "யாரு குளிக்கதுக்கு?"

"ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கலாம்னு" என்று இழுத்தால், "மொதல்ல ஒரு ஆளைச் சொல்லுங்க" என்பாள்.

மேகலா வந்து நின்ற அன்றும் அதைத்தான் கேட்டாள்.

"பாப்பாவுக்குங்க" என்றாள் மேகலா. "எட்டு வயசு. பேரு அபிநயா."

"உங்க பிள்ளையா?"

"எங்கூட்டுக்காரரு மகளுங்க" என்றாள் மேகலா.

மேகலாவின் ஊர் காங்கேயம் பக்கம். அங்கே காற்றாலையில் மெக்கானிக்காக இருந்த பரமசிவன் அவளைக் கட்டிக்கொண்டு வள்ளியூருக்கு அழைத்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவனுடைய முதல் மனைவி ஸ்ரீகலா காய்ச்சலில் இறந்து மூன்று வருஷம். அபிநயா அவள் பெற்ற பிள்ளை. மேகலாவோடு சண்டை போடமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள், வைத்ததைச் சாப்பிடுவாள். சண்டை போட்டால்கூடத் தேவலை என்று மேகலாவுக்கு இருக்கும். விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி அப்படி ஒரு ஒழுங்கு.

அபிநயா பிடிவாதம் பிடிப்பது ஒன்றில்தான். குளிக்க அவளுக்கு அம்மா செய்த சோப்பு வேண்டும். வறண்ட தோல் வேறு, காற்றுக் காலம் வந்தால் முழங்கை, முட்டியெல்லாம் வெடித்துப் போகும். கடைச் சோப்பு ஆகாது. ஸ்ரீகலா போகும்போது பரணில் ஒரு பெட்டி நிறைய சோப்பு இருந்தது. மிச்சம் பிடித்துப் பிடித்து இப்போது ஒன்றரைக் கட்டியில் வந்து நிற்கிறது.

"இது தீர்றதுக்குள்ள நான் கத்துக்கோணுங்க" என்று மேகலா ஒரு பழைய நோட்டை நீட்டினாள். ஸ்ரீகலாவின் கையெழுத்து. ஒரு பக்கத்தில் மூன்றே வரி. தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ. காஸ்டிக் சோடா நூற்று நாற்பத்தாறு கிராம். தண்ணீர் முந்நூற்று ஐம்பது.

முப்பிடாதி அந்த நூற்று நாற்பத்தாறைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எந்த ஊர்க்காரி?"

"இரணியல் பக்கமுங்க. தென்னந்தோப்புக்காரங்க."

"நல்ல கைக்காரி" என்றாள் முப்பிடாதி. நோட்டை மூடிக் கையில் கொடுத்தாள்.

முதல் பாடம் அன்றைக்கே நடந்தது. கையுறை, கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அலுமினியப் பாத்திரம் தொடக் கூடாது. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். காஸ்டிக் கரைந்த காரத் தண்ணீர் ஆறட்டும், எண்ணெயும் கை பொறுக்கிற சூட்டில் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துக் கலக்கினால் தோசை மாவுப் பதத்துக்கு வரும், கரண்டியால் மேலே கோடு போட்டால் கோடு நிற்கும், அப்போது தட்டில் ஊற்ற வேண்டும். மேகலா கெட்டிக்காரி. ஒரு தரம் சொன்னால் போதும்.

நாற்பத்தைந்து நாள் காய்ந்த பிறகு ஒரு கட்டியை அபிநயாவிடம் கொடுத்தாள். பிள்ளை முகர்ந்து பார்த்தது. கண் விரிந்தது.

"அம்மா சோப்பு!"

சிரித்துக்கொண்டே குளியலறைக்கு ஓடியது. ஒரு வருஷத்தில் மேகலா பார்த்த முதல் சிரிப்பு அது. அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிள்ளை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது சுருக்கென்று இருந்தது. இரண்டும் உண்மை, ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்ல எனக்கு மனசில்லை.

இதற்குப் பிறகு மேகலா ஒரு காரியம் செய்தாள். குருவிடம் சொல்லவில்லை.

* * *

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் மேகலா கொட்டகைக்குள் வந்து, ஒரு சோப்புக் கட்டியை மேஜையில் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெண்மையாக, கெட்டியாக, ஓரம் கொஞ்சம் உதிர்ந்து.

"எரியுதுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"பாப்பாவுக்கு. ரெண்டு கையும் செவந்து போச்சு. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க, இப்பத் தேவலைங்க. ஆனா..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்கப்பா கேட்டதுக்கு, வெயில்ல வெளையாடுனேன், அதான்னு சொல்லிட்டாளுங்க. எனக்குப் பயந்துட்டு சொன்னாளா, என்னைக் காப்பாத்தோணும்னு சொன்னாளா, ஒண்ணும் புரியல. எதா இருந்தாலும் எனக்கு வயிறு எரியுதுங்க டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீய?"

"நான்தான் பண்ணிப்போட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். பாப்பாகிட்டயும் மன்னிப்புக் கேட்டேனுங்க."

"அதுக்கு அவ?"

"எங்கம்மா சோப்பு எரியாதுன்னா. அவ்வளவுதான். கோவமாக்கூடச் சொல்லல."

முப்பிடாதி கட்டியை எடுத்தாள். விரலை நனைத்து அதில் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்தாள். சட்டென்று முகம் சுளித்து, வெளியே போய்த் துப்பி, நாலு தரம் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"சுரீர்ங்குது. என்னத்தக்கா போட்டீய இதுல?"

"எங்கண்ணன் செக்குல ஆட்டுன நல்லெண்ணெய்ங்க. பஸ்ஸுல குடுத்துவிட்டாரு. தேங்காய் எண்ணெய்க்குப் பதிலா முழுசும் அதையே போட்டேன். நல்லெண்ணெய் குளுமைதானுங்களே? எங்க ஊர்ல பொறந்த கொழந்தைக்கே தேய்ப்பாங்க."

"சரி. ஏன் மாத்துனீய? மொதச் சோப்புதான் பிள்ளைக்கு ஒத்துக்கிட்டுதே."

மேகலா தரையைப் பார்த்தாள். "அது அவங்க சோப்புங்க. நான் கலக்குனாலும் அவங்க சோப்புத்தான். என்னோடதா ஒண்ணு அவ மேல படோணும்னு ஆசைப்பட்டேன். தப்புங்களா?"

முப்பிடாதி கட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"காரம் எவ்வளவு?"

"நோட்டுல இருக்கறதுதானுங்க. நூத்தி நாப்பத்தாறு. ஒரு கிராம் முன்ன பின்ன போகல. தண்ணி அதே அளவு. நாப்பத்தஞ்சு நாளு காய வெச்சேன். என் கையில போட்டுக்கூடப் பாத்தேன், லேசா சுருசுருன்னுச்சு. என்னுது காட்டு வேலை பார்த்த தோலுங்க, அதுக்கு ஒண்ணும் ஒறைக்கல." "அவங்க அளந்தாப்பலயேதான் எல்லாம் அளந்தேன். அவங்க கைக்கு வந்தது ஏன் எனக்கு எரியுதுங்க?"

முப்பிடாதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி பன்னெண்டாச்சு. வாங்க, சோறு வைப்போம். பசிக்கி."

சிஷ்யைக்கு அழுகையோடு கோபமும் வந்தது. பிள்ளை கை வெந்து கிடக்கிறது, இவளுக்குச் சோறு! ஆனாலும் பின்னால் போனாள்.

அடுக்களையில் முப்பிடாதி குக்கரை எடுத்துக் கொடுத்தாள். "நேத்து பச்சரிசி வச்சேன். ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளர் தண்ணி. பூ மாதிரி வந்துது. அதே அளவுல வைங்க. அரிசி அந்த டப்பாவுல இருக்கு." சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

மேகலா டப்பாவைத் திறந்தாள். ஒரு டம்ளர் அரிசி எடுத்துக் களைந்தாள். தண்ணீர் ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அரை டம்ளர் இன்னும் கூட.

"ரெண்டுன்னுலா சொன்னேன்?"

"இது புழுங்கலரிசிங்க டீச்சர்."

"இருந்தா என்ன? அரிசிதான?"

"ரெண்டு ஊத்துனா நறுக்கு நறுக்குன்னு நிக்குமுங்க. வாயில வெக்க முடியாது."

"நேத்து எனக்கு நல்லா வந்துதே. டம்ளர் அதே டம்ளர். குக்கரும் அதே குக்கர்."

"டம்ளர் அதேதானுங்க, அரிசி வேறயில்லீங்..."

மேகலா நிறுத்திவிட்டாள். குக்கர் மூடி கையிலேயே இருந்தது.

"மூடுங்க" என்றாள் முப்பிடாதி. "விசில் வரட்டும்."

மூன்றாவது விசில் வந்தது. வெண்டைக்காய் முழுதும் நறுக்கி முடிந்தது.

"அப்ப நல்லெண்ணெய் எத்தனை வாங்குமுங்க?" என்று மேகலாதான் கேட்டாள்.

"ஒரு கிலோ, நூத்தி முப்பத்தி நாலு கிராம் காரம் வாங்கும். அதுக்கு மேல வாங்காது. அதுலயும் பத்துப் பன்னெண்டு கொறச்சுத்தான் போடணும். நீங்க நூத்தி நாப்பத்தாறு போட்டிருக்கீய. எண்ணெய் வாங்குனது போக மிச்சம் பன்னெண்டு கிராம் எங்க போவும்?"

மேகலாவுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் முப்பிடாதி விடவில்லை.

"பிள்ள கையில போயிருக்கு."

மேகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தேங்காய் எண்ணெய்க்குங்க?" என்றாள் பிறகு. "அதுக்கு நூத்தி நாப்பத்தாறுதானுங்களா?"

"இல்ல. அது நூத்தி எம்பத்திமூணு வரைக்கும் வாங்கும்."

"பின்ன ஏன் அவங்க..."

"மொத்தமும் தேங்காய் எண்ணெய்ல செஞ்ச சோப்பு அழுக்க மட்டும் எடுக்காது, தோல்ல இருக்கிற எண்ணெயையும் சேத்து உருவிக்கிடும். வறண்ட தோலுக்கு ஆகவே ஆகாது. அதனால அந்த மகராசி எண்ணெய் மிச்சம் நிக்கட்டும்னு காரத்த அம்புட்டுக் கொறச்சிருக்கா. எத்தன தரம் ஊத்திப் பாத்து அந்த நூத்தி நாப்பத்தாறுக்கு வந்தாளோ! மொத நாள் நோட்டைப் பாக்கையிலயே எனக்குத் தெரியும்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேங்க?"

"நீங்க கேக்கவே இல்லையேக்கா."

மேகலா விசும்பி அழுதாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. "மனப்பாடமா வெச்சிருக்கறனுங்க அந்த மூணு வரிய. ஒரு நாளாவது இது ஏன் இத்தனைன்னு கேட்டனா? கேக்கலியே!"

முப்பிடாதி அவளைத் தேற்றவில்லை. தட்டு எடுத்து வைத்து, சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சோறு நன்றாக வெந்திருந்தது.

* * *

மறுநாள் முப்பிடாதி ஒரு புது நோட்டைக் கொடுத்தாள். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு.

"எழுதுங்க. என்னென்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய் ஒரு கிலோ" என்றாள் மேகலா. "காரம் இந்தத் தடவ சரியாப் போடறேனுங்க. ஆனா எண்ணெய் முழுசும் என்னோடதா இருக்கட்டும்."

"இருக்கட்டும். எரியாது. ஆனா கட்டி இளக்கமா நிக்கும், சீக்கிரம் கரைஞ்சு போவும், நுரையும் வராது. நுரை வராத சோப்ப எட்டு வயசுப் பிள்ள தொடுமா?"

"தொடாதுங்க."

"நுரைக்கும் கெட்டிக்கும் தேங்காய் எண்ணெய் வேணும்."

"அது அவங்க எண்ணெயில்லீங்களா?"

"நல்லா இருக்கே கதை! தேங்காய் எண்ணெய் யாருக்கும் சீதனமா எழுதிக் குடுக்கலக்கா. வேணும்னா சேருங்க, வேண்டாம்னா விடுங்க. எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

மேகலா பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். இப்படி முன்பின் தெரியாத கணக்கில் கைவைக்க யாருக்குத்தான் பயமிருக்காது? நல்லெண்ணெய் அறுநூற்று ஐம்பது என்று எழுதினாள். தேங்காய் எண்ணெய் முந்நூற்று ஐம்பது.

"நுரை நின்னு வரணும்னா விளக்கெண்ணெய் கொஞ்சம். நூறு போதும், கூடப் போட்டா பிசுபிசுக்கும்."

நல்லெண்ணெயில் நூறைக் குறைத்து, விளக்கெண்ணெய்க்குக் கொடுத்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணெயும் எவ்வளவு காரம் வாங்கும் என்று தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினாள். நூற்று ஐம்பது கிராம், கொஞ்சம் கூட.

"இதுதான் எண்ணெய் வாங்குற எல்லை" என்றாள் முப்பிடாதி. "நீங்க எவ்வளவு போடப் போறீய?"

மேகலா பேனாவைக் கீழே வைத்தாள். தன் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். அது தடித்த தோல், அதைத் தடவி என்ன தெரியப் போகிறது?

"பாப்பாவுக்கு இங்க உள்பக்கம்தானுங்க ரொம்ப மெல்லுசு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "மழை மாசத்துல அவ்வளவா வெடிக்காது. ஆடிக் காத்துலதான் ஜாஸ்தி." நூற்று நாற்பது என்று எழுதினாள்.

முப்பிடாதி எட்டிப் பார்த்தாள். திருத்தவில்லை.

தட்டில் ஊற்றினார்கள். நல்லெண்ணெய்ச் சோப்பு இறுக இரண்டு நாள் கூடவே எடுத்தது. துண்டு போட்டு அலமாரியில் அடுக்கினார்கள். மேகலா நாள் தவறாமல் வந்து திருப்பித் திருப்பி வைத்தாள். கையை எரித்த பழைய கட்டிகளைத் துருவிக் கொட்டகைத் தரையைக் கழுவினாள், தரை பளிச்சென்று ஆனது.

நாற்பத்தைந்தாம் நாள் நாக்கில் வைத்துப் பார்த்தது மேகலாதான். சோப்பு ருசி, வேறொன்றுமில்லை. ஆனாலும் நம்பவில்லை. தன் கழுத்தில், கண்ணுக்குக் கீழே, மெல்லிய தோலாகத் தேடித் தேடி ஒரு வாரம் தேய்த்துப் பார்த்தாள். பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"அவ அம்மா சோப்ப எடுத்து ஒளிச்சு வச்சிராதீய" என்றாள் முப்பிடாதி போகும்போது. "அது இருந்த எடத்துல இருக்கட்டும். இதைப் பக்கத்துல வைங்க."

* * *

பத்து நாள் கழித்து மேகலா வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து முப்பிடாதியே எழுந்துவிட்டாள்.

"என்னக்கா? எரிஞ்சுதா?"

"இல்லீங்க."

"சொறிச்சல், தடிப்பு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"பின்ன எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீய?"

"குளிக்கறதுக்கு இன்னமும் அம்மா சோப்புத்தானுங்க! என்னுதை எடுக்கவே மாட்டேங்கறா. கை கழுவறதுக்கு மட்டும் எடுத்துக்கறா." மேகலா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் அலுத்துட்டேனுங்க டீச்சர். எதை மாத்தோணும், சொல்லிப்போடுங்க. தேங்காய் எண்ணெயக் கூட்டட்டுங்களா? வாசம் ஏதாச்சும் சேக்கட்டுங்களா? இல்ல காரத்த இன்னும் கொறைக்கோணுமா?"

"கை கழுவதுக்கு இதை எடுன்னு நீங்க சொன்னீயளா?"

"நான் வாயே தொறக்கலீங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்குது. அவளேதான் எடுத்தா."

"தினமுமா?"

"வெச்ச நாள்ல இருந்து தினமும்."

"கட்டி இப்ப எவ்வளவு தேஞ்சிருக்கு?"

மேகலா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். பார்த்து, விரல்களை இன்னும் கொஞ்சம் நெருக்கினாள். "பாதி தீந்திருக்குமுங்க."

"பத்து நாள்ல ஒரு பிள்ள கை கழுவியே பாதிச் சோப்பு தீந்துதா?"

"குளிக்கறப்பக் கதவச் சாத்திக்கறாளுங்க..." என்றாள் மேகலா. விரித்த விரல்கள் அப்படியே நின்றன.

முப்பிடாதி கையுறையை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"இனி ஒண்ணையும் மாத்தாதீய. அதே அளவுல இன்னொரு தட்டு ஊத்துங்க."